மன்னரின் மணவாழ்வும் மக்களின் கேலிப் படங்களும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் உண்மையைப் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றுக்கொண்ட மன்னர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் நான்காம் ஜார்ஜ். நோயுற்ற தந்தைக்குப் பதிலாக 1811 முதல் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்து, 1820இல் முடிசூடும் உரிமை பெற்றவர். நெப்போலியனை வென்ற நாட்டின் தலைவர். படையும் பொருளும் அவர் பக்கம் இருந்தன. ஆயினும், ஒரு ஷில்லிங்குக்கும் இரண்டு ஷில்லிங்குக்கும் கடைத்தெருவில் விற்ற படத் தாள்களை அவரால் அடக்க முடியவில்லை. அப்படங்கள் அவருடைய மணவாழ்வை எள்ளி நகையாடின.

அரண்மனைக் குடும்பச் சச்சரவில் வரலாறு பயிலும் மாணவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சச்சரவு சிறியதுதான், அதிலிருந்து எழுந்த வினா பெரியது. மனைவி செய்தால் தண்டனைக்கு உரியதாகும் ஒரு செயல், கணவன் செய்தால் மட்டும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகுமா? அக்கணவன் நாட்டின் அரசனே ஆனால், அவனைக் கேள்வி கேட்பவர் யார்? பாராளுமன்றம் இவ்வினாவை எழுப்பத் தயங்கியது. கேலிப் படங்கள் தயங்கவில்லை. அந்த வரலாற்றையே இன்று காண்போம்.

முதலில், இப்படங்கள் எவ்வாறு உருவாயின என்பதை அறிந்துகொள்ள வேண்டும். செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சு ஒன்றைத் தடவி, அதன்மேல் ஊசியால் படத்தைக் கீறுவார்கள். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவார்கள். கீறிய கோடுகளை மட்டும் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். விரும்புவோருக்குக் கையால் வண்ணமும் தீட்டித் தருவார்கள். ஒரு நிகழ்ச்சி நடந்த சில நாட்களுக்குள் அதைப் பற்றிய படம் கடைக்கு வந்துவிடும்.

இலண்டன் மாநகரில் இப்படங்களுக்கெனவே கடைகள் இருந்தன. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹன்னா ஹம்ப்ரி என்னும் அம்மையார் நடத்திய கடை அவற்றுள் புகழ் பெற்றது. பெரும் கேலிச்சித்திரக்காரரான ஜேம்ஸ் கில்ரே அக்கடையின் மாடியிலேயே குடியிருந்தார். புதுப்படங்களைக் கண்ணாடிச் சாளரத்தில் வரிசையாக ஒட்டி வைப்பது வழக்கம். காசு கொடுத்து வாங்குவோர் சிலர். தெருவில் நின்று பார்த்துச் சிரித்துச் செல்வோர் பலர். எழுத்தறியாத கூலியாளும் அவர்களுள் ஒருவனாக நின்றான்.

நூல்களையும் தாள்களையும் அச்சிடுமுன் அரசின் இசைவு பெறவேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1695ஆம் ஆண்டிலேயே காலாவதியாகிவிட்டது. அச்சிட்ட பின் அவதூறு வழக்குத் தொடரலாம். ஆனால், எழுதியது அவதூறா அன்றா என்பதை ஜூரிகளே முடிவு செய்யலாம் என்று 1792ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. படத்தின்மீது வழக்குத் தொடர்வதில் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. படத்தில் உள்ள பருத்த மனிதர் யார், அவர் செய்துகொண்டிருப்பது என்ன என்று அரசு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் விளக்கியாக வேண்டும். விளக்க விளக்கச் சிரிப்புத்தான் மிகும். ஆகவே படம் வரைந்தவர் பெரும்பாலும் தப்பினார்.

எழுத்தாளர் தப்பவில்லை. லீ ஹன்ட் என்னும் பத்திரிகையாசிரியர் 1812இல் ஆட்சிப் பிரதிநிதியை வாக்குத் தவறியவர் என்றும் இல்லறக் கடமையை மதியாதவர் என்றும் எழுதினார். அவருக்கும் அவர் தமையனார் ஜானுக்கும் இரண்டிரண்டு ஆண்டுச் சிறையும், ஐந்நூறு ஐந்நூறு பவுன் அபராதமும் கிடைத்தன. அதே கருத்தை அதனினும் கடுமையாகச் சொன்ன படங்கள் கடைச் சாளரங்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

இனி, மணவாழ்வின் கதைக்கு வருவோம். ஜார்ஜ் வேல்ஸ் இளவரசராக இருந்தபோது மரியா பிட்ஸ்ஹெர்பர்ட் என்னும் கைம்பெண்மீது காதல் கொண்டார். அவ்வம்மையார் கத்தோலிக்க சமயத்தவர். கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏற இயலாது என்பது 1701ஆம் ஆண்டின் சட்டம். இருபத்தைந்து வயது நிரம்பாத அரச குடும்பத்தினர் மன்னரின் இசைவின்றிச் செய்யும் மணம் செல்லாது என்பது 1772ஆம் ஆண்டின் சட்டம். இவ்விரண்டையும் மீறி, தம் இருபத்து மூன்றாம் வயதில், 1785 டிசம்பர் 15ஆம் நாள், இளவரசர் அவரை மறைவாக மணந்தார்.

மறைவு நெடுநாள் நிலைக்கவில்லை. மூன்று மாதங்களுக்கெல்லாம் படங்கள் வெளிவந்தன. 1786 மார்ச்சில் வந்த கில்ரேயின் படம் ஒன்றில், பிரான்சு நாட்டுக் கோயிலில் மணவினை நடக்கிறது. இளவரசரின் அரசியல் நண்பரான சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸ் மணமகளைக் கைப்பிடித்துக் கொடுக்கிறார். பேச்சாற்றல் மிக்க எட்மண்ட் பர்க் பாதிரியார் உடையில் மந்திரம் ஓதுகிறார். முன்னாள் முதலமைச்சர் நார்த் பிரபு வண்டியோட்டியாக ஒரு புறம் அமர்ந்து உறங்குகிறார்.

இப்படத்தின் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், பெரும்பாலும் பொய் என்றே சொல்லவேண்டும். மணம் நடந்தது பிரான்சில் அன்று. இலண்டனில், மணமகளின் சொந்த வீட்டில். நடத்தி வைத்தவர் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவர். பர்க்கும் நார்த்தும் அங்கே இல்லை. பாக்சும் இல்லை, அதற்கு மாறாக, மணமே நடக்கவில்லை என்று இளவரசர் கூறியதை நம்பி ஏமாந்தவர் அவர். 1787 ஏப்ரலில் அவர் காமன்ஸ் சபையில் எழுந்து, இளவரசர் மணம் செய்துகொண்டார் என்பது கட்டுக்கதை என்று உறுதியாக அறிவித்தார். சபை அதை ஏற்றுக்கொண்டது.

மணச்சான்றிதழோ இலண்டன் வங்கி ஒன்றில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 1905ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் ஒன்றின் வாயிலாகவே அதன் செய்தி உலகறியத் தெளிவாயிற்று. மாணவ நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். சபைக் குறிப்பில் மதிப்புக்குரிய ஒருவர் நல்லெண்ணத்துடன் சொன்ன சொல் பதிவாகியிருக்கிறது; அது பொய். கடைத்தெருப் படத்தில் இடம், ஆள், சடங்கு எல்லாம் தவறாக இருக்கின்றன; ஆயினும் மணம் நடந்தது என்னும் நடுச்செய்தி மெய். வரலாற்றுச் சான்றுகளை எடைபோடுவது எளிய தொழில் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆண்டுகள் சென்றன. இளவரசரின் கடன் 6,00,000 பவுனுக்கு மேல் வளர்ந்தது. தக்க அரசகுலப் பெண்ணை மணந்தால் பாராளுமன்றம் கடனைத் தீர்க்க வழி செய்யும் என்னும் நிலையில், தம் அத்தை மகளான பிரன்ஸ்விக் நாட்டுக் கரோலைனை மணக்க அவர் இசைந்தார். 1795 ஏப்ரல் 8ஆம் நாள் மணம் நடந்தது. அன்று மணமகன் குடிமயக்கத்தில் இருந்தார் என்பர். 1796 ஜனவரியில் சார்லட் என்னும் பெண்மகவு பிறந்தது. அவ்வாண்டிலேயே கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தலைப்பட்டனர்.

பிரிவுக்குக் காரணமாக ஊரார் சுட்டியது ஜெர்சி பிரபுவின் மனைவியை. அப்பெருமாட்டி இளவரசரின் காதற்கிழத்தி. இளவரசியின் பணிமகளிரில் ஒருவராகவும் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் கணவரோ இளவரசரின் குதிரை லாயத் தலைவர். 1796 ஜூன் முதல் நாள் கில்ரே வெளியிட்ட படத்தில், லாயத் தலைவரே குதிரையாகிக் குனிந்திருக்க, இளவரசர் அவர் முதுகில் ஏறிப் பெருமாட்டியின் அறைக்குச் செல்கிறார். பதவிப் பெயர் ஒன்றையே படமாக்கி, பதவி தந்தவரையும் பெற்றவரையும் ஒருங்கே நாணச் செய்த திறம் அது.

இதற்குப் பின் கரோலைன் தனியே வாழ்ந்தார். அவர் எடுத்து வளர்த்த ஏழைக் குழந்தை அவர் பெற்ற பிள்ளையே என்று பழி எழுந்தது. 1806இல் அமைச்சர் குழு ஒன்று இரகசியமாக விசாரித்து, அப்பழிக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு கூறியது. எனினும் அவர் நடத்தை பற்றிய ஐயச் சொற்களை அக்குழு விட்டுச் சென்றது. கணவரின் நடத்தையை விசாரிக்க எக்குழுவும் அமையவில்லை. 1814இல் கரோலைன் நாட்டை விட்டுச் சென்று இத்தாலியில் தங்கினார். பார்தலோமியோ பெர்காமி என்பவர் முதலில் அவர் பணியாளராகவும், பின்னர் அவர் மாளிகையின் முதன்மை அதிகாரியாகவும் உயர்ந்தார். ஊர் பேசத் தொடங்கியது. இலண்டனிலிருந்து சான்று திரட்ட மிலான் நகருக்கு ஆட்கள் சென்றனர். இதற்கிடையே 1817இல் மகள் சார்லட் பிள்ளைப்பேற்றை அடுத்து இறந்தாள். தாயையும் இங்கிலாந்தையும் இணைத்த கயிறு அற்றது.

1820 ஜனவரி 29இல் மூன்றாம் ஜார்ஜ் மறைந்தார். மகன் மன்னரானார், அப்படியாயின் கரோலைன் அரசியாராக வேண்டும் அன்றோ? மன்னர் அதற்கு உடன்படவில்லை. திருச்சபை வழிபாட்டில் அரசியார் பெயரைச் சேர்க்கவும் தடை செய்தார். பட்டத்தைத் துறந்து வெளிநாட்டிலேயே தங்கினால் ஆண்டுக்கு 50,000 பவுன் தருவதாகச் சொல்லப்பட்டது. கரோலைன் அதை மறுத்து, ஜூன் 5ஆம் நாள் டோவர் துறைமுகத்தில் வந்திறங்கினார். டோவர் முதல் இலண்டன் வரை மக்கள் திரண்டு வரவேற்றனர்.

மறுநாளே மன்னரின் அமைச்சர்கள் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் பச்சைப் பை ஒவ்வொன்றை வைத்தார்கள். மிலானில் திரட்டிய சான்றுகள் அவற்றுள் இருந்தன. ஜூலையில் பிரபுக்கள் சபையில் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. அரசியாரின் பட்டத்தைப் பறிப்பதும் மணத்தை முறிப்பதும் அதன் நோக்கம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணமுறிவு கோரும் கணவன், தான் குற்றமற்றவனாக இருத்தல் வேண்டும் என்பது திருச்சபை நீதிமன்றத்தின் நெறி. அங்கே சென்றால் மன்னரின் காதற்கிழத்தியர் கதையெல்லாம் வெளிவந்துவிடும். மசோதாவாகக் கொண்டுவந்தால் மனைவியின் நடத்தை மட்டுமே விசாரிக்கப்படும். அமைச்சர்கள் இவ்வழியைத் தேர்ந்ததன் உட்பொருள் இதுவே என்று எதிர்ப்பாளர் முழங்கினர்.

சபையில் கேட்க இயலாத இவ்வினாவைப் படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பச்சைப் பை ஓர் இரவில் நாடறிந்த சின்னமாயிற்று. ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்னும் இளம் ஓவியர் ஜூன் மாதத்திலேயே ஒரு படம் வரைந்தார். அதில் மன்னர் ஒரு பருத்த பச்சைப் பை. அரசியார் மற்றொரு பருத்த பச்சைப் பை. இருவரும் அருகருகே நிற்கின்றனர். மனைவியின் குற்றங்கள் ஒரு பை நிறைய என்றால், கணவனின் குற்றங்களும் ஒரு பை நிறைய உண்டு. பக்கம் பக்கமாக வாதாட வேண்டிய வழக்கை அவர் இரண்டு பைகளில் முடித்துவிட்டார்.

மன்னர் வாளாவிருந்தாரா? பணத்தைக் கையாண்டார். படம் விற்போருக்குக் காசு கொடுத்துத் தகடுகளை வாங்கினர் அரண்மனை ஆட்கள். ஒழுக்கக்கேடான நிலையில் மன்னரை வரைவதில்லை என்று உறுதி கூறி, குரூக்‌ஷாங்கே 1820 ஜூனில் 100 பவுன் பெற்றுக்கொண்டார். அவர் தந்த பற்றுச்சீட்டு இன்றளவும் நிலைத்திருக்கிறது. பணம் பெற்ற கை சில வாரங்களில் மீண்டும் மன்னரை வரைந்தது. ஒரு வாயை மூடினால் ஒன்பது வாய் திறந்துகொண்டன. மூடிய வாயும் திறந்துகொண்டது.

அவ்வாறு திறக்கச் செய்தவர் வில்லியம் ஹோன் என்னும் நூல் விற்பனையாளர். இவர் 1817இல் சமய வாசகங்களின் வடிவில் அரசியல் நையாண்டி எழுதியதற்காக மூன்று நாட்களில் மூன்று வழக்குகளுக்கு ஆளானவர். தமக்குத் தாமே வாதாடினார். நையாண்டி வரிகளைப் படித்துக் காட்டியபோது நீதிமன்றமே சிரித்தது. மூன்று ஜூரிகளும் அவரை விடுவித்தனர். பொருள் இல்லாத ஏழை. அச்சம் இல்லாத நெஞ்சினர்.

ஹோன் செய்த புதுமை அச்சுத் தொழிலைச் சார்ந்தது. செப்புத் தகட்டில் கோடுகள் பள்ளமாக இருப்பதால் அதற்குத் தனி அச்சுப்பொறி வேண்டும். மரக்கட்டையில் செதுக்கினால் கோடுகள் ஈய எழுத்தைப்போல் மேலெழுந்து நிற்கும். எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே பொறியில் ஆயிரக்கணக்கில் அச்சிடலாம். இம்முறையில் குரூக்‌ஷாங்க் படம் வரைய, ஹோன் வரிகள் எழுத, ஒரு ஷில்லிங் விலையில் சிறு நூல்கள் வெளிவந்தன.

அவற்றுள் தலைசிறந்தது 1820 ஆகஸ்டில் வந்த 'அரசியாரின் மண ஏணி'. நூலுடன், மடித்து நிறுத்தக்கூடிய அட்டை ஏணி ஒன்றும் விளையாட்டுப் பொருளாகக் கிடைத்தது. அதற்குப் பதினான்கு படிகள். முதற்படியில் குடித்துத் தள்ளாடும் இளவரசர். பின்னர் மணம், மனமாற்றம், பழி, விடுதலை, நாடு நீங்கல், மீண்டு வரல், குற்றச்சாட்டு என்று கதை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு படியின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே ஓசையில் முடிவதால் சிறுவரும் மனப்பாடம் செய்யலாம். நாற்பதுக்கு மேற்பட்ட பதிப்புகள் விற்றன. இருபத்தைந்து ஆண்டுக் குடும்ப வரலாற்றில் கணவனின் பங்கு என்ன என்பதை, ஒரு ஷில்லிங் தரக்கூடிய எவரும் வீட்டிற்கு எடுத்துச் சென்றார்.

ஆகஸ்ட் 17இல் பிரபுக்கள் சபையில் விசாரணை தொடங்கிற்று. அரசியாருக்காக ஹென்றி புரூம் வாதாடினார். இத்தாலியிலிருந்து வந்த முதன்மைச் சாட்சியான மயோக்கி என்னும் வேலையாள், அரசு வழக்கறிஞரின் கேள்விகளுக்கெல்லாம் தடையின்றி விடை தந்தான். புரூம் குறுக்கு விசாரணை செய்தபோதோ, "நோன் மி ரிகோர்தோ", அதாவது "எனக்கு நினைவில்லை" என்னும் ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஹோன் விடவில்லை. அதே தொடரைத் தலைப்பாக்கி மற்றொரு சிறு நூல் வெளியிட்டார். அதில் கூண்டில் நிற்கும் சாட்சி மன்னரே. அவருடைய பழைய வாழ்வைப் பற்றிக் கேள்விகள் எழுகின்றன. நினைவில்லை என்கிறார் மன்னர். மெய்யான விசாரணையில் ஒருபோதும் ஏற்ற முடியாத சாட்சியை, படம் கூண்டில் ஏற்றிவிட்டது.

இதைக் கண்டு வெறுமனே சிரித்தவர்கள் மட்டுமே அன்று இருந்தார்கள் என்று எண்ணவேண்டா. பிரிஸ்டல் முதலிய நகரங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு அரசியாருக்கு ஆதரவு மடல்கள் அனுப்பினார்கள். அக்காலத்து இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து இல்லை. முழு மணமுறிவு பெறப் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டும். 1857க்கு முன் அவ்வாறு பெற்ற பெண்கள் நால்வரே. பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கில்லை. ஆண்களிலும் பெரும்பாலோருக்கு இல்லை. கைவிடப்பட்ட மனைவி ஒருத்தி அரசியாராகவே இருந்தாலும் அவள் நிலை இதுதான் என்றால், நெசவாளியின் மனைவி நிலை யாது? மடலில் கையொப்பமிட்டோர் தம் கதையையே அரசியார் கதையில் கண்டனர்.

நவம்பர் 10ஆம் நாள் மூன்றாம் வாசிப்பில் மசோதாவுக்கு 108 வாக்குகளும் எதிராக 99 வாக்குகளும் விழுந்தன. ஒன்பதே வாக்கு மிகுதி. காமன்ஸ் சபையில் இது நிறைவேறாது என உணர்ந்த முதலமைச்சர் லிவர்பூல் பிரபு மசோதாவைத் திரும்பப் பெற்றார். இலண்டன் வீடுகளில் இரவெல்லாம் விளக்குகள் எரிந்தன.

இத்துடன் கதை முடிந்திருந்தால், படங்களை நீதியின் தோழன் என்று புகழ்ந்து அமைந்துவிடலாம். முடியவில்லை. அதே கடைகளிலிருந்து எதிர்த்திசைப் படங்களும் வந்தன. 1821இல் தியோடர் லேன் என்னும் ஓவியர், கரோலைனையும் பெர்காமியையும் சேர்த்து இரக்கமின்றிப் பல படங்கள் வரைந்தார். அவருடைய உடல் பருமன், உடை, பேச்சு யாவும் சிரிப்புக்கு இரையாயின. முன்பு மறுத்த 50,000 பவுனைப் போன்ற ஓர் ஆண்டுத் தொகையை அவர் பின்னர் ஏற்றுக்கொண்டதும், மக்கள் ஆர்வமும் தணிந்தது. மன்னரைக் குத்திய ஊசி, மனைவியையும் அதே கூர்மையுடன் குத்திற்று.

1821 ஜூலை 19இல் முடிசூட்டு விழா நடந்தது. சுமார் 2,40,000 பவுன் செலவு. வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலின் வாயில்களுக்குச் சென்ற அரசியாரை, நுழைவுச் சீட்டு இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பினார்கள். பத்தொன்பது நாட்களில், ஆகஸ்ட் 7இல், அவர் இறந்தார். பிணப்பேழை நகரின் நடுவே செல்லலாகாது என்று அரசு திட்டமிட்டது. மக்கள் சாலைகளை மறித்து அதை நகர்வழியே செல்ல வைத்தார்கள். அன்று படைவீரர் சுட்டதில் இருவர் மாண்டனர்: ஒருவர் தச்சர், மற்றொருவர் கொத்தனார். மன்னரின் மணச் சச்சரவுக்கு இறுதியில் உயிர் கொடுத்தவர் அவ்விருவரே.

இப்படங்கள் சாதித்தது என்ன? அவற்றால் உடனே ஒரு சட்டமும் மாறவில்லை. 1857ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம்கூட, மனைவியின் பிறழ்ச்சி ஒன்றே கணவனுக்குப் போதும் என்றது. மனைவியோ கணவனின் பிறழ்ச்சியோடு கொடுமை அல்லது கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அவ்வேற்றுமை 1923இல்தான் நீங்கிற்று. ஆயினும் அரசன் கணவனும் ஆவான், கணவனுக்குரிய அளவுகோல் அவனுக்கும் உண்டு என்ற எண்ணத்தை, வாக்குரிமை அற்ற மக்கள் கூசாமல் பேசும் நிலையை இப்படங்கள் உண்டாக்கின. பச்சைப் பைகளை அருகருகே வைத்துப் பார்த்த கண், பின்னர் ஒரு பையை மட்டும் பார்க்க ஒப்பவில்லை.

மாணவர்கள் இவற்றைப் படிக்கும்போது இரண்டு வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் நன்று. படத்தில் கண்ட நிகழ்ச்சி இவ்வாறே நடந்ததா என்பது ஒன்று. இதை வாங்கியவன் எதை நம்பினான், எதைக் கண்டு சினந்தான் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குப் படம் பலமுறை பொய்ச்சாட்சி சொல்லும். இரண்டாவதற்கு அதனினும் நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது. கரோலைனைப் பற்றிய படங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முடிவாக ஒரு செய்தி. இப்படங்களை ஆர்வத்துடன் வாங்கிச் சேர்த்தவர்களுள் நான்காம் ஜார்ஜும் ஒருவர். விண்ட்சர் அரண்மனையில் குவிந்திருந்த ஏறக்குறைய 10,000 கேலிப் படங்களை அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் 1921இல் விலைக்கு வாங்கிற்று. வாஷிங்டன் நகரில் இன்று அவற்றை ஆராய்வோர் எடுத்துப் பார்க்கலாம். மறைக்கவென்று செலவிட்ட பணமும் சேர்க்கவென்று செலவிட்ட பணமும் ஒரே அரண்மனையிலிருந்து சென்றவை. அவற்றுள் சேர்க்கச் செலவிட்டதே வரலாற்றுக்குப் பயன்பட்டது.